நாலு நட்டுக்கு அமுங்கும் கட்டை

சட்டைப் பையிலிருந்து ஐந்து இரும்பு நட்டுகளை எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, கீபோர்டின் நடுக் கட்டை மேல் முதல் நட்டை வைக்கிறார் முருகானந்தம். கட்டை அசையவில்லை. அதன் தலையில் இரண்டாவது. அதற்கும் அசையவில்லை. மூன்றாவதற்கு லேசாக ஒரு தலையாட்டல். நான்காவது ஏறியதும் கட்டை சத்தமில்லாமல் இறங்கி அடியில் போய் உட்காருகிறது. "ம்" என்கிறார். ஐந்தாவது நட்டு கையிலேயே இருக்கிறது. அது தேவைப்பட்டால் அந்தக் கீபோர்டை அவர் மறுபடி ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

"நாலு நட்டுக்கு அமுங்கோணுமுங்க. மூணுக்கே உழுந்துட்டா அது கட்டையில்லீங்க, தொட்டாச்சிணுங்கி. அஞ்சு கேட்டுதுன்னா ஆட்டாங்கல்லு. அதைக் கொண்டுபோயி மாவாட்டிக்க வேண்டியதுதான்."

பிறகு நான்கு நட்டையும் ஒரே வழிப்பில் அள்ளிவிட்டு, கட்டை எழும்பி வருவதைக் குனிந்து பார்ப்பார். வந்து டக்கென்று நின்றால் சரி. நின்ற பிறகு ஒரு சின்ன நடுக்கம் தெரிந்தால் உதடு பிதுங்கும். அறுபத்தொரு கட்டை என்றால் அறுபத்தொன்றையும் இப்படித்தான் பார்ப்பார். எண்பத்தெட்டு என்றால் எண்பத்தெட்டு. அவசரப்படுத்தினால் கோபம் வரும். "பொண்ணு பாக்க வந்துபோட்டு, மொகத்தப் பாக்காம போலாங்கறீங்களா?" என்பார். கூட வந்தவர்கள் வெளியே போய் இரண்டு டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வருவார்கள். அவர் இன்னும் மேல்பாதியில் நிற்பார்.

அந்த ஐந்து நட்டும் தறியிலிருந்து கழன்றவை. ஐந்தும் ஒரே எடைதானா என்று சந்தேகம் வந்து, தெரிந்த நகைக்கடைக்குப் போய்த் தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் இம்மி கூடுதலாக இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அரம் போட்டு ராவினார். மறுநாள் மறுபடி நகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாற்பத்தாறு வயது. குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் வார நாளெல்லாம் எட்டு விசைத்தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பவர். ஞாயிற்றுக்கிழமையிலும் கோயில் நோம்பிக் காலத்திலும் ராசப்பன் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். பவானியிலிருந்து திருச்செங்கோடு வரை எந்தக் குழுவில் கீபோர்டு வாங்கினாலும், சேலத்துக்குப் போகும் வண்டியில் முன்கூட்டியே ஒரு இடம் அவருக்கு ஒதுக்கிவிடுவார்கள். அவர் பார்த்துச் சொல்லாமல் வாங்கியவன் பிறகு வருத்தப்பட்டான் என்று நாலு கதை உலவுகிறது. அதில் இரண்டு கதையாவது அவரே கிளப்பிவிட்டதாக இருக்கும்.

கட்டை விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. "படிக்கிற பசங்களுக்கு வேணும்னா ஹேமர் கட்டை வாங்கிக் குடுங்க. உள்ளார சுத்தியல் இருக்குது, பியானோவாட்டம் கனமா நிக்கும். மேடைக்கு அது ஆவாதுங்க. நாலு மணி நேரம் குத்துப்பாட்டு வாசிச்சுப் பாருங்க, மணிக்கட்டு கழண்டு கையோட வந்துரும். வெறும் ஸ்பிரிங் கட்டையும் ஆவாது, வெரலு எங்க நிக்குதுன்னே தெரியாது. நடுவாந்தரமா செமி வெயிட்டுன்னு ஒண்ணு வருது பாருங்க, அதுதான் நமக்கு." இதோடு விடுவாரா? கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலைச் செருகி, வெள்ளைக் கட்டையின் உள்பக்கத்தை அமுக்கிக் காட்டுவார். "நுனியில அமுத்தறதுக்கு ஆருக்கும் தெரியுமுங்க. இங்க, உள்ளார அமுத்திப் பாருங்க. கல்லாட்டம் இருந்துச்சுன்னா அந்தக் கம்பெனிக்காரன் உங்களை ஏமாத்திப்போட்டான்."

எல்லாம் முடிந்து, வாங்க வந்தவர் "சவுண்டு எப்படிங்க?" என்று கேட்கும்போது மட்டும் இவர் ஒதுங்கிக்கொள்வார். "சவுண்டை நீங்க கேளுங்க. உங்க காதுக்குப் புடிக்கோணும். எனக்குக் கட்டை போதுமுங்க." இதைக் கேட்டு, எவ்வளவு அடக்கமான மனுசன் என்று வியந்து போனவர்கள் உண்டு.

அடக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! மனிதருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

பதினாறு வயதில் பட்டறைக்குள் கால் வைத்தவர். முப்பது வருஷம். ஊடைநூலைச் சுமந்த நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிவாங்கி ஓடும் சத்தத்தை வெளியூர்க்காரர் ஐந்து நிமிஷம் நின்று கேட்டால் தலைவலி என்று போய்விடுவார். இவர் அதற்குள்ளேயே ஆளாகி, அதற்குள்ளேயே நரைத்தும் போனார். வலது காது எப்போது போனது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் போனை வலது பக்கம் வைத்துக்கொண்டு, லைன் செத்துவிட்டது என்று நினைத்துச் செல்போன் கடைக்காரனோடு சண்டைக்குப் போனார். அப்போதுதான் தெரிந்தது. இடது காதில் மேல்ஸ்தாயி மட்டும் கரைந்துகொண்டே வருகிறது. வயலினும் ஆர்மோனியமும் அவருக்கு இன்று ஒன்றுதான். கீபோர்டின் கடைசிப் பத்துக் கட்டைகளில், கட்டை அடியில் போய் முட்டுகிற 'டொக்' மட்டும் விரல் வழியாக வரும். ஸ்வரம் வராது.

இதனால்தான் அவருக்குக் கட்டையைப் பற்றி அவ்வளவு தெரிந்தது. காது விட்டுப்போன வேலையை விரல் எடுத்துக்கொண்டது. ஊரார் அதை ஞானம் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

சவுண்டைப் பற்றிக் கருத்துச் சொல்லியே ஆக வேண்டிய இடங்களில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். கடையில் பெட்டி ஸ்பீக்கரில் போட்டுக் காட்டும்போது, மேல்கட்டைகளை வாசித்தபடி எதிரே நிற்பவர் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் "இழைப்பா இருக்குதுங்க." மூக்கு சுருங்கினால் "மேல கொஞ்சம் கீச்சுங்குது." பத்துக்கு ஒன்பது முறை பலித்தது. பள்ளிபாளையம் பச்சமுத்து ஒருவர் விஷயத்தில்தான் சறுக்கியது. அருமையான கீபோர்டு. பச்சமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றார். இவரும் "வேண்டாமுங்க, சவுண்டு ஆவாது" என்று அடித்துச் சொல்லி, ஆளை வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார். பச்சமுத்துவுக்கு அன்று கடைவாய்ப் பல் வலி.

வீட்டில் இந்தத் தந்திரமெல்லாம் செல்லாது. மனைவி ஜோதி அதே பட்டறையில் நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் நூலேற்றித் தார் சுற்றுகிறவள். காலையில் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டுக் குளிக்கப் போகும்போது "மூணு விசிலுக்கு அமத்திப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். முருகானந்தம் அடுப்புக்கு எதிரே, கண் இமைக்காமல் குக்கரின் வெயிட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். அது துள்ளினால் ஒன்று. அப்படி நின்றும் ஒருநாள் போன் வந்து திரும்பிவிட்டார். பருப்பு கரியாகி, புகை பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் ஓடிவந்து அமர்த்தினார்கள். இவர் புகைக்கு நடுவே போனில் 'செமி வெயிட்டு' பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்றுதான் ஜோதி வாயைத் திறந்தாள். "ராசப்பண்ணன்கிட்டச் சொல்லிப்போடுங்க. நல்ல மனுசன்தானே? இப்பிடி ஒளிச்சு வெச்சு என்னத்தக் கண்டீங்க?"

"நல்ல மனுசன்தான். நல்ல மனுசன்னா கச்சேரி கெட்டாலும் போனாப் போகுதுன்னு உட்டுருவாரா?"

"அப்ப காது மிசினாச்சும் வாங்கி வெச்சுக்கங்க. ஆரு பாக்கப் போறா?"

"மேடையில ஏறி நின்னா ஆயிரம் பேரு பாப்பான்டி. காதுல மிசினு வெச்சவன் கீபோர்டு வாசிக்கிறானாம்ன்னு சிரிப்பான்."

ஜோதி கரிந்த குக்கரை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனாள். அவளுக்குத் தெரியும். பட்டறையில் அவருக்குப் பெயர் கிடையாது. "ஏப்பா, மூணாந்தறி நின்னுபோச்சு பாரு" என்பதுதான் அங்கே அவருக்குக் கூப்பாடு. மேடையில் ராசப்பன் மைக்கைப் பிடித்து, "கீபோர்டில் நம்ம குமாரபாளையம் முருகானந்தம்!" என்பார். கூட்டம் கை தட்டும். அந்தக் கைதட்டல் இடது காதில் மழை போலக் கேட்கும். வாரம் ஒருமுறை வரும் அந்த ஒரு வரிக்காகத்தான் மிச்ச ஆறு நாளையும் அவர் தறிகளுக்கு நடுவே நடந்து தீர்க்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச முகாமில் ஒரு டாக்டர் பார்த்தார். தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதிவரை நேராகப் போய், அப்புறம் கிணற்றுக்குள் இறங்கியது. "பட்டறைக் காது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. போனது திரும்பாது. இடது காதும் திடீரென்று இன்னும் இறங்கலாம், கவனமாக இருங்கள்" என்றார். எப்படிக் கவனமாக இருப்பது என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து முருகானந்தத்துக்குத் தினமும் கண் விழித்ததும் ஒரு சோதனை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடது காதோரம் வைத்து உரசிப் பார்ப்பார். சரசரவென்று கேட்டால்தான் பாயை விட்டு எழுந்திருப்பார். கேட்காத நாள் ஒன்று வரப்போகிறது என்று அவருக்கு உறுதி. அது எந்த நாள் என்பதுதான் தெரியாது.

சித்திரை நோம்பிக்கு வெண்ணந்தூர் மாரியம்மன் கோயிலில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார் ராசப்பன். பழைய கீபோர்டு போன வாரம் ஒரு நோம்பியில் கோடை மழையில் நனைந்து, பாதிக் கட்டை ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கியே தீர வேண்டும். மாதாந்திரக் கரண்ட் கட் அன்று சேலத்துக் கடைக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. அன்று குமாரபாளையத்தில் ஒரு தறியும் ஓடாது. ஊரே காதைக் கழுவிவிட்டாற்போல இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படும் நாள் அது. முருகானந்தத்துக்கு அதைப் போல வெறுப்பான நாள் வேறில்லை. வெளியே சத்தம் நின்றதும் அவர் காதுக்குள்ளே ஒரு 'கொய்ங்' கிளம்பிவிடும். அது எந்தக் கரண்ட் கட்டுக்கும் நிற்காது.

ராசப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர், நல்ல பாட்டுக்காரர். இருபது வருஷமாக முருகானந்தத்தை மேடையில் தனக்கு வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டு பாடுகிறவர். ஆம்னி வண்டியை ஓட்டிக்கொண்டே வழியெல்லாம் புதுப் பாட்டுகளை முனகிக்கொண்டு வந்தார். முருகானந்தம் பின்சீட்டிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே போனார். பாதி கேட்டது. மீதிக்கும் ஆட்டினார்.

கடையில் அறிவுச்செல்வி வரவேற்றாள். ஐந்து வருஷமாக அங்கே விற்பனையில் இருக்கிறாள். முருகானந்தத்தின் நட்டுகளை அறிந்தவள். அவர் வந்தாலே கீபோர்டுகளின் மேல் கிடக்கும் துணியை எடுத்துவிட்டு, "வாங்கண்ணா, நாலா அஞ்சான்னு பாருங்க" என்று சிரிப்பாள். அன்றும் சிரித்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது.

"ஆம்ப்பும் பெட்டி ஸ்பீக்கரும் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருச்சுங்கண்ணா. இன்னைக்கு மட்டும் ஹெட்போன்ல கேட்டுக்கங்க."

முருகானந்தம் கடையைச் சுற்றி வேறு ஸ்பீக்கர் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். மேடைக்கு வாங்கும் கீபோர்டுகளில் உள்ளே ஸ்பீக்கர் கிடையாது. ஆம்ப் இல்லாவிட்டால் ஹெட்போன் மாட்டியவருக்கு மட்டும்தான் கேட்கும். எதிரே இருப்பவர் முகத்தில் என்ன தெரியும்? பசியா, தூக்கமா, அதுதான் தெரியும்.

"அப்ப நீங்களே கேட்டுப் பாருங்ணா" என்று ஹெட்போனை ராசப்பன் பக்கம் நீட்டினார்.

"அட, வாசிக்கறவன் நீ. என்ற காதும் உன்ற காதும் ஒண்ணா? நீ கேட்டுச் சொன்னா நான் கண்ணை மூடிட்டு எடுத்துக்கறேன்."

கடையின் பின்பக்கம் யாரோ புது டிரம் செட்டை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கீபோர்டு மூன்று நட்டுக்கே விழுந்தது. கட்டையைப் பக்கவாட்டில் அசைத்தால் பல் ஆடுவதைப் போல ஆடியது. ஹெட்போனை மாட்டி வாசித்தார். இடது காதில், கம்பளிக்குள்ளிருந்து வருவதைப் போல ஏதோ வந்தது. எப்போதும் வருவது அதுதான். "கட்டை ஆவாதுங்ணா" என்று ஒதுக்கினார். சவுண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாவது, செமி வெயிட்டு, எழுபத்து மூன்று கட்டை. அறிவுச்செல்வி முதலாவதிலிருந்து ஹெட்போன் வயரை உருவி இதற்கு மாற்ற வந்தாள். அதற்குள் வாசலில் யாரோ கிட்டார் கம்பி கேட்கவும், "ஒரு நிமிசமுங்கண்ணா" என்று ஓடினாள். முருகானந்தம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. நட்டுகளோடு இருந்தார். நாலு. நாலு. நாலு. எழுபத்து மூன்றிலும் நாலு! எழும்பி வந்த கட்டை ஒன்றுகூட நடுங்கவில்லை. உள்பக்கம் விரலைச் செருகி அமுக்கினார். வெண்ணெயாக இறங்கியது. இதற்காகத்தான் நாம் காத்துக்கொண்டிருந்தோம் என்று விரல்கள் பத்தும் ஒன்றாகச் சொல்லின. வெண்ணந்தூர் மேடையில் இதன் முன்னால் தான் உட்கார்ந்திருப்பதையும், ராசப்பன் மைக்கில் தன் பெயரைச் சொல்வதையும் நினைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினார்.

அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் அழுத்தி அமுக்கினார். வால்யூமைத் தள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பின்னாலிருந்த டிரம் சத்தமும் ஹெட்போனின் தடித்த மூடிக்குள் அடங்கிப்போயிருந்தது. 'கொய்ங்' மட்டும் இருந்தது. வந்துவிட்டது, அந்த நாள் இன்றைக்குத்தான் என்று நினைத்தார். காலையில் சரசரவென்று கேட்டதே! அதற்குள்ளாகவா? சேலத்துக் கடையில், ராசப்பண்ணன் கண் முன்னாலா?

வேறு எவனாக இருந்தாலும் என்ன செய்திருப்பான்? "ஏம்மா, சத்தம் வரலையே" என்று ஒரு குரல் கொடுத்திருப்பான். அதோடு முடிந்திருக்கும். காது நன்றாக இருக்கிறவனுக்கு முதல் சந்தேகம் பொருள் மேல்தான் வரும். முருகானந்தத்துக்கு அது காதைத் தவிர வேறெதன் மேலும் வரவில்லை.

கை நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் அவர் புத்தியில் இருந்தது. கச்சேரியில் முதலில் வாசிக்கும் பிள்ளையார் பாட்டை எடுத்தார். இருபது வருஷமாக வாசித்த பாட்டு. விரலுக்கு வழி தெரியும். பல்லவி வாசித்தார். அனுபல்லவி வாசித்தார். ராசப்பன் எதிரே நின்று, கேட்காத பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முருகானந்தம் அவரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பதைப் போலப் புருவத்தை உயர்த்தினார். மேல்கட்டைகளுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். அந்த இரண்டு நிமிஷத்தைப் போல அவர் அதற்கு முன் எந்த மேடையிலும் பயந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதை ரசனை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஹெட்போனைக் கழற்றியபடியே தீர்ப்புச் சொன்னார். "சவுண்டு இழைப்பா இருக்குதுங்ணா. ஸ்ட்ரிங்ஸெல்லாம் நெசமான வயலினாட்டமே வருது. மேல்கட்டையில மட்டும் கொஞ்சூண்டு கூச்சல் இருக்குது, ஆனா ஒண்ணும் பண்ணாது."

சொல்லி முடிக்கும்போதுதான் பின்னாலிருந்து டிரம் சத்தம் தடதடவென்று அவர் இடது காதில் வந்து விழுந்தது. கேட்கிறது! நன்றாகக் கேட்கிறது! காது எங்கேயும் போகவில்லை. அடக் கடவுளே என்று அவர் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாய்விட்டுச் சிரித்தேவிட்டார்.

ராசப்பன் சிரிக்கவில்லை. அவர் கீபோர்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டார் கம்பி கொடுத்துவிட்டுத் திரும்பிய அறிவுச்செல்வியும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹெட்போன் வயரின் முனை எதிலும் சொருகப்படாமல், ஸ்டாண்டின் கால் ஓரம் தரையில் கிடந்தது.

அறிவுச்செல்விதான் முதலில் அசைந்தாள். "அய்யோ, நான்தான்... நான்தாங்கண்ணா மறந்துபோட்டேன்" என்று குனிந்து முனையை எடுத்துத் துடைத்தாள். அதைக் கீபோர்டில் சொருகினாள். அவள் தப்பு செய்தவளைப் போல நின்றது முருகானந்தத்துக்கு இன்னும் பெரிய அவமானமாக இருந்தது. "கூச்சல்" என்று வேறு சொன்னோமே, அதை ஏன் சொன்னோம் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டார். சும்மா நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தாலாவது...

ராசப்பன் ஹெட்போனை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். ஒற்றை விரலால் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தார். மேலே போகப் போக மெதுவாக அமுக்கினார். கடைசிக் கட்டையை நெடுநேரம் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கழற்றி வைத்துவிட்டு, "கட்டை நல்லாத்தானே இருக்குது? இதையே கட்டிக் குடும்மா" என்றார். மூன்றாவது கீபோர்டைப் பார்க்க வேண்டும் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது ராசப்பன் பாடவில்லை. சங்ககிரி தாண்டி, நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. அந்த இரைச்சலில் நல்ல காதுக்காரர்களே கத்தித்தான் பேச வேண்டும். முருகானந்தம் பெஞ்சில் உட்கார்ந்தார். ராசப்பன் இரண்டு டீ சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு இருபது அடி தள்ளி வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றார். அவ்வளவு தூரத்தில், அவ்வளவு இரைச்சலில், முருகானந்தத்துக்கு ஒரு எழுத்தும் கேட்காது என்று நினைத்திருப்பார்.

கேட்காதுதான். ஆனால் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவனிடம் தள்ளிப் போய் நின்று ரகசியம் பேச முடியுமா? தறிச் சத்தத்துக்குள் குரலுக்கு வேலையே இல்லை. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். எட்டாவது தறியிலிருந்து ஒருத்தி முணுமுணுப்பதை முதல் தறியில் இருப்பவர் படித்துவிடுவார். பந்தல் தொழிலில் இருந்த ராசப்பனுக்கு அது தெரியவில்லை, பாவம்.

'யோகேஷு' என்றது ராசப்பனின் உதடு. யோகேஷ் ஈரோட்டுப் பக்கத்துக் குழுக்களில் வாசிக்கும் கீபோர்டுக்காரன். கெட்டிக்காரன், முருகானந்தமே மெச்சிய கை. 'ஞாயித்துக்கெழம வெண்ணந்தூரு. ஆமா. நீதான் வாசிக்கோணும்.' கொஞ்ச நேரம் உதடு அசையவில்லை. அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டிருப்பான். 'அவனுக்கு நான் சொல்லிக்கறேன்.' ராசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'இல்லப்பா, சண்டையெல்லாம் இல்ல. அவன் தங்கமானவன்.'

டீ வந்தது. முருகானந்தம் கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கோபம் வரவில்லை. ராசப்பண்ணன் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால் வலி குறைந்ததா என்றால், இல்லை. வண்டியின் பின்சீட்டில் புதுக் கீபோர்டு பெட்டிக்குள் கிடந்தது. எழுபத்து மூன்று கட்டை. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ராசப்பன் மரத்தடியிலிருந்து வந்தார். உட்காரவில்லை. முருகானந்தத்துக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் பார்க்கக் குனிந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. பின்னால் ஒரு டாரஸ் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தார். அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது.

'முருகா' என்று உதடு திறந்தது. 'நான் ஒண்ணு சொல்லோணும்...'

முருகானந்தம் இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டார்.